கிரெய்ன் எலிவேட்டர்: பெயரும் பொருளும்

கனடாவின் மேற்குச் சமவெளியில், அதாவது மனிடோபா, சஸ்காட்செவன், ஆல்பர்ட்டா மாகாணங்களில், கார் எடுத்துக்கொண்டு ஊர் பார்க்கக் கிளம்பினால் சுற்றுலாப் பலகைகளில் அடிக்கடி எதிர்ப்படும் சொல் ‘கிரெய்ன் எலிவேட்டர்’. கோதுமை வயல்களுக்கு நடுவில், ரயில் தண்டவாளத்தை ஒட்டி, எழுபது எண்பது அடி உயரத்தில் நிற்கும் மரக் கட்டடம் அது; விவசாயிகளின் தானியத்தை வாங்கி ரயிலில் ஏற்றிவிடும் இடம். அதன் மேல்சுவரில் ஊர்ப் பெயர் பெரிய எழுத்தில் இருக்கும். கால்கரி, எட்மண்டன், வினிபெக் பக்கம் குடியிருக்கும் தமிழர்கள் கோடையில் பிள்ளைகளோடு போய்ப் பார்க்கும் இடங்களில் இவையும் உண்டு. “ஒரு வீட்டுக்கு ஏம்ப்பா லிஃப்ட்டுன்னு பேரு வெச்சிருக்காங்க?” என்று பிள்ளை கேட்டால் அது நல்ல கேள்வி. அதற்கு முழு விடை சொல்லலாம்.

எலிவேட்டர் என்றால் நமக்கு மாடிக்கு ஏறும் லிஃப்ட்தான். அகராதியைப் பார்த்து நேராகப் பெயர்த்தால் ‘தானிய மின்தூக்கி’ என்று வரும். அது பிழை. இந்தக் கட்டடங்கள் எழுந்த காலத்தில் அந்தச் சிற்றூர்களில் மின்சாரமே இல்லை. நீராவியும் பெட்ரோல் எஞ்சினும்தான் இவற்றை ஓட்டின. வேறொன்றும் இருக்கிறது. ஆள் ஏறும் லிஃப்டுக்கு முன்பே தானியம் தூக்கும் பொறிக்கு இந்தப் பெயர் வழங்கிவிட்டது.

வேர் லத்தீனில் இருக்கிறது. ‘லெவிஸ்’ என்றால் கனமற்றது. அதிலிருந்து ‘லெவாரே’, தூக்குதல். முன்னொட்டுச் சேர்ந்து ‘எலெவாரே’, மேலே தூக்குதல். 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்காவில் ஆலிவர் எவன்ஸ் என்பவர் மனிதக் கை படாமல் ஓடும் மாவு ஆலையை அமைத்தார். சிறு கிண்ணங்கள் வரிசையாகக் கோத்த பட்டை ஒன்று கீழிருந்து தானியத்தை அள்ளி மேல்மாடியில் கொட்டியது. அந்தப் பட்டைக்கு அவர் தந்த பெயர்தான் எலிவேட்டர். 1842-இல் நியூயார்க் மாநிலத்தின் பஃபலோ துறைமுகத்தில் ஜோசப் டார்ட் என்ற வணிகரும் ராபர்ட் டன்பார் என்ற பொறியாளரும் அதே பட்டையை நீராவியில் ஓடவிட்டு, கப்பலின் வயிற்றிலிருந்து தானியத்தை நேராகக் கிடங்குக்கு ஏற்றினார்கள். அதுவரை ஐரிஷ் கூலிகள் மூட்டையாக முதுகில் சுமந்து இறக்கிய வேலை அது. உள்ளே இருந்த பொறியின் பெயர் மெல்ல மெல்லக் கட்டடம் முழுவதற்கும் ஆகிவிட்டது. எலிஷா ஓட்டிஸ் தன் பாதுகாப்பான ஆள்தூக்கியை மக்கள் முன் காட்டியது அதற்குப் பத்தாண்டுக்கும் பிறகுதான்.

பொறியின் பெயர் கட்டடத்துக்கு வந்தது தற்செயல் அல்ல. தானியத்தை ஒருமுறை உச்சிக்கு ஏற்றிவிட்டால், பிறகு அது தன் எடையாலேயே எங்கு வேண்டுமானாலும் இறங்கிப் போகும். கட்டடத்தின் சூட்சுமம் முழுவதும் இதுதான்.

விவசாயி குதிரை வண்டியில் கோதுமையோடு வருவார். வண்டி சரிவுப் பாதையில் ஏறி உள்ளே நுழைந்ததும் எடைமேடை மேல் நிற்கும். எடை பார்த்தபின் தானியம் தரைக் கம்பியழி வழியே அடிக்குழியில் விழும். குழியிலிருந்து உச்சிவரை நிமிர்ந்து ஓடும் கிண்ணப் பட்டைக்கு அங்கே வேலை செய்தவர்கள் வைத்த பெயர் ‘லெக்’, அதாவது கால். அது அள்ளிச் சென்று உச்சியில் கொட்டும். கீழே நிற்கும் நிர்வாகி ஒரு சக்கரத்தைத் திருப்பி, எந்த ரகம் எந்த அறைக்குப் போகவேண்டும் என்று மேலிருக்கும் குழாயின் வாயை மாற்றுவார். ரயில் பெட்டி வந்து நின்றதும் அறையின் அடிக்கதவைத் திறந்தால் தானியம் மறுபடி குழிக்கு வரும், மறுபடி மேலே போகும், எடை போடப்படும், குழாய் வழியே பெட்டிக்குள் பாயும். எஞ்சினை மட்டும் தனிக் கொட்டகையில் வைத்தார்கள். தானியத் தூசி ஒரு தீப்பொறி பட்டாலே வெடிக்கும்.

சுவரையும் பார்க்கவேண்டும். குவிந்த தானியம் நாலா பக்கமும் சுவரைத் தள்ளும். கீழே போகப்போக அந்த அழுத்தம் கூடும். அதனால் பலகைகளைச் செங்குத்தாக நிறுத்தாமல், படுக்கவைத்து ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி ஆணி அடித்தார்கள். அடியில் அகலமான பலகை, மேலே போகப்போகக் குறுகலானது. உள்ளே நின்று அந்த அடுக்கைப் பார்த்தால்தான் வெளியில் தெரியும் தகரமும் வண்ணமும் வெறும் போர்வை என்று புரியும்.

1930களில் இந்தச் சமவெளியில் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட எலிவேட்டர்கள் நின்றன. வண்டி ஒரே நாளில் போய்த் திரும்பும் தொலைவுக்கு ஒன்று என்பதே கணக்கு. எலிவேட்டர் நின்ற இடத்தில் ஊர் முளைத்தது. அங்குதான் எடை, தரம், விலை எல்லாம் முடிவாகும். ஆகவே ஆண்டு முழுக்க உழைத்த குடும்பத்தின் வருமானம் அந்த எடைமேடையில் தீர்மானமானது. எடையில் குறைக்கிறார்கள், தரத்தை இறக்குகிறார்கள், எலிவேட்டர் கம்பெனிகளுக்கு மட்டும் ரயில் பெட்டி ஒதுக்குகிறார்கள் என்று விவசாயிகள் கொதித்தார்கள். 1902-இல் சிண்டலூட்டா என்ற சிற்றூரில் ரயில்வே முகவர் மீது வழக்குத் தொடுத்து வென்றார்கள். 1920களில் ‘வீட் பூல்’ என்ற பெயரில் தங்களுக்கே கூட்டுறவுகளை அமைத்து, தங்களுக்கே சொந்தமான எலிவேட்டர்களில் தானியத்தைக் கொட்டினார்கள். இந்தப் போராட்டம் தெரியாமல் பார்த்தால் இவை படம் பிடிக்க அழகான பழங்கட்டடங்கள், அவ்வளவுதான்.

இந்த வயல்களுக்கும் முன்கதை உண்டு. 1870களின் ஒப்பந்தங்களுக்குப் பிறகுதான் க்ரீ, பிளாக்ஃபுட் என்ற பூர்வகுடி மக்களின் புல்வெளி குடியேறிகளுக்கான மனைகளாக அளந்து பிரிக்கப்பட்டது. ஆல்பர்ட்டாவின் நான்டனில் மூன்று எலிவேட்டர்களைப் பார்க்கிறவர்கள், தெற்கே ஃபோர்ட் மக்லியோட் அருகே உள்ள ஹெட்-ஸ்மாஷ்ட்-இன் பஃபலோ ஜம்ப்பையும் பார்த்துவிட்டு வரவேண்டும். ஆயிரக்கணக்கான ஆண்டுகள் காட்டெருமை வேட்டை நடந்த செங்குத்துப் பாறை அது. 1981-இல் உலகப் பாரம்பரியச் சின்னமானது.

கிளை ரயில் பாதைகள் மூடப்பட்டன, 1995-இல் பழைய ரயில் கட்டணச் சலுகை நீங்கியது, கம்பெனிகள் பெரிய கான்கிரீட் நிலையங்களைக் கட்டின. மர எலிவேட்டர்கள் வேகமாக இடிக்கப்பட்டன. ஃப்ளெமிங் ஊரில் 1895-இல் கட்டியது 2010-இல் தீயில் போயிற்று. மனிடோபாவின் இங்லிஸில் ஐந்து எலிவேட்டர்கள் ஒரே வரிசையில் இன்னும் நிற்கின்றன; அது தேசிய வரலாற்றுத் தலம். சஸ்காட்செவனின் நார்த் பேட்டில்ஃபோர்டில் உள்ள அருங்காட்சியகக் கிராமத்திலும் ஒரு வீட் பூல் எலிவேட்டர் இருக்கிறது. ஒன்றை மட்டும் பார்க்க நேரமிருந்தால் இங்லிஸுக்குப் போங்கள்.

இனி தமிழ்ச் சொல். தானியம் சேர்க்கும் இடத்துக்கு நம்மிடம் பெயருக்குப் பஞ்சமில்லை. மண்ணால் செய்தது குதிர், தென்மாவட்டங்களில் குலுக்கை. மரத்தால் செய்தது பத்தாயம். வைக்கோல் பிரி சுற்றியது சேர். ஈழத்தில் கொம்பறை. கோயிலுக்கும் அரசுக்கும் உரிய பெரியது களஞ்சியம். பாபநாசம் அருகே திருப்பாலைத்துறைக் கோயிலில் நாயக்கர் காலச் செங்கல் களஞ்சியம் இன்றும் இருக்கிறது. இவற்றில் எதையும் எலிவேட்டருக்கு அப்படியே தரமுடியாது. இவை அனைத்தும் வைத்துக் காக்க எழுந்தவை. எலிவேட்டரில் தானியம் தங்குவது ரயில் வரும்வரைதான். சைலோவும் பொருந்தாது. ஸ்பானிய மொழி வழி வந்த அந்தச் சொல் முதலில் தானியத்தைச் சேமித்துவைக்கும் நிலக்குழியைக் குறித்தது; பிறகு மாட்டுத் தீவனத்தைப் புளிக்கவைக்கும் குழிக்கும் கோபுரத்துக்கும் ஆயிற்று.

தூக்கும் தொழிலைச் சொல்ல ‘ஏற்றம்’ நம்மிடம் உண்டு. கிணற்று நீரை வயலுக்குத் தூக்கிய பொறி அது. செய்யும் தொழிலே பெயரான சொல், எலிவேட்டரைப் போலவே. ஆனால் ‘தானிய ஏற்றம்’ என்று எழுதினால் வாசிப்பவர் விலையேற்றம் என்றே எண்ணுவார். ‘தானிய உயர்த்தி’ யார் வாயிலும் வராது.

ஆகவே என் தேர்வு ‘ஏற்றுகளஞ்சியம்’. ஏற்றிய, ஏற்றுகிற, ஏற்றும் களஞ்சியம் என்று முக்காலமும் அடங்கிய வினைத்தொகை, ‘கொல்களிறு’ போன்றது. வினைத்தொகையில் வல்லினம் மிகாது என்பதால் ‘ஏற்றுக்களஞ்சியம்’ என்று ஒற்றுப் போட்டு எழுதக்கூடாது. ஊர்தோறும் நின்றவை ‘ஊர் ஏற்றுகளஞ்சியம்’. தண்டர் பே போன்ற ஏரித் துறைகளில் கப்பலுக்கு ஏற்றும் பெரியவை ‘துறைமுக ஏற்றுகளஞ்சியம்’. உள்ளே ஓடும் பொறியைத் தனியாகச் சொல்ல ‘கிண்ணப் பட்டை’ போதும். பயணக் கட்டுரையில் முதல் முறை ‘கிரெய்ன் எலிவேட்டர் எனப்படும் ஏற்றுகளஞ்சியம்’ என்று எழுதிவிட்டு, அடுத்து வரும் இடங்களில் தமிழ்ப் பெயரையே ஆளலாம்: இங்லிஸ் ஏற்றுகளஞ்சியங்கள், நான்டன் ஏற்றுகளஞ்சியங்கள்.