ரன்வே முடிஞ்சும் ப்ளேன் ஏன் நிக்கல?

சின்ன ப்ளேன் ஒண்ணு இறங்கும்போது ரன்வேயைத் தாண்டி புல்லுக்குள்ள போயிடுச்சுன்னு கேள்விப்பட்டா, பிரேக் புடிக்கல போலன்னு தான் முதல்ல தோணும். பிரேக் ஃபெயில் ஆகுறதும் உண்டு. ஆனா நிறைய தடவை சக்கரம் தரையைத் தொடுறதுக்கு முன்னாடியே விஷயம் கைய மீறிப் போயிருக்கும்.

செஸ்னா 172 மாதிரி நாலு சீட் ப்ளேனை எடுத்துக்கோங்க. இறங்க வரும்போது சுமார் 65 நாட் வேகம் இருக்கணும், அதாவது மணிக்கு 120 கிமீ. 75ல வந்துட்டா, பைலட் த்ராட்டிலை முழுசா குறைச்சு மூக்கை லேசா தூக்குவாரு, ஆனா ப்ளேன் உக்காராது, ஒரு ஆள் உயரத்துல அப்படியே மிதந்துட்டே போகும். தரைக்கு இவ்ளோ கிட்ட இருக்கும்போது இறக்கை நுனியில காத்து முழுசா சுழல இடம் இல்ல, அதனால ப்ளேனைப் பின்னாடி இழுக்குற காத்தோட இழுவை குறைஞ்சிடும், கிரவுண்ட் எஃபெக்ட்னு சொல்றது இதைத்தான். வேகம் இறங்கவே மாட்டேங்குது, கீழ ஒவ்வொரு செகண்டுக்கும் 30 மீட்டருக்கு மேல ரன்வே கரைஞ்சிட்டே இருக்கு.

பொறுக்க முடியாம அழுத்தி இறக்கினா இன்னொரு சிக்கல். வேகத்தோட வர்க்கத்துக்கு ஏத்த மாதிரி தான் ஆற்றல் கூடும், இத ஒரு கணக்கு போட்டு பாத்தா தான் உறைக்கும். 50 நாட்ல தொட்ட ப்ளேன் ஒரு இடத்துல நிக்குதுன்னு வைங்க. 60ல தொட்டு அதே அளவு பிரேக் போட்டா அந்த இடத்தை தாண்டும்போது வேகம் 10 நாட் இருக்கும்னு தான நினைப்போம்? இல்ல, 33 நாட் இருக்கும், மணிக்கு 60 கிமீ! வேலியோ பள்ளமோ அங்க இருந்தா அந்த வேகத்துல தான் போய் மோதும்.

அதுவும் அதே அளவு பிரேக் புடிச்சா தான் இந்த கணக்கு. 60ல தொட்ட உடனே இறக்கை இன்னும் எடையில ஒரு பங்கைத் தூக்கிட்டு தான் இருக்கும், டயர் மேல முழு பாரமும் விழாது, பிரேக்கை அழுத்தி மிதிச்சா டயர் வழுக்கித் தேயும், வண்டி சீக்கிரம் நிக்காது. ஈரம்னா இன்னும் மோசம், ரன்வேல தண்ணி தேங்கியிருந்தா டயர் தண்ணி மேலயே வழுக்கும்.

பின்னாடியிருந்து காத்து அடிச்சாலும் இதே கதை தான். மீட்டர் காத்தைப் பொறுத்த வேகத்தைத் தான் காட்டும், அதுல சரியா 65 இருக்கும், ஆனா 10 நாட் பின்காத்து இருந்தா தரையைப் பொறுத்து வேகம் 75. அதனால தான் காத்துக்கு எதிரா இறங்குறாங்க.

ரன்வேயோட முதல் மூணுல ஒரு பங்குக்குள்ள சக்கரம் தொடலன்னா திரும்ப மேல ஏறிடுன்னு சொல்லிக் கொடுக்குறாங்க. ஃபுல் த்ராட்டில் கொடுத்து, ஃப்ளாப்பை (இறங்கும்போது இறக்கையோட பின்பக்கம் கீழ இறக்கி விடுற தகடு) கொஞ்சம் கொஞ்சமா மடக்கணும், ஒரேயடியா மடக்கினா தூக்குவிசை சட்டுனு குறைஞ்சு ப்ளேன் மறுபடி தரைக்கே இறங்கிடும்.