இரவு ஒரு மணிக்கு உங்கள் ஊர் ரேடியோவில் ஆள் இருக்கிறாரா?

அமெரிக்காவின் மத்திய மேற்கில் சின்ன ஊர் எஃப்எம் நிலையங்களின் டிரான்ஸ்மிட்டர்களைப் பராமரிப்பது என் வேலை. அவற்றில் ஒன்று ராக் பாட்டு நிலையம். 6 கிலோவாட் சக்தி, சுற்றிலும் 28 கிலோமீட்டர் வரை நன்றாகக் கேட்கும். அந்த ஊர் டயர் கடையில், லாரிகளில் எல்லாம் அதுதான் ஓடும். ஓர் இரவு பழுது பார்க்கப் போனேன். ரேடியோவில் டிஜே கலகலவென்று பேசிக்கொண்டிருந்தார். ஸ்டுடியோவில் ஒருவரும் இல்லை.

இதற்கு வாய்ஸ் டிராக்கிங் என்று பெயர். நான்கு மணி நேர நிகழ்ச்சிக்கான பேச்சை அரை மணியில் பதிந்து கம்ப்யூட்டரில் ஏற்றிவிடலாம். விளம்பர வருமானம் குறைந்த நிலையங்கள் பிழைக்க இது தேவைதான், அதை நான் குறை சொல்ல மாட்டேன். உள்ளூரில் ஸ்டுடியோ வைத்திருக்க வேண்டும் என்ற விதியையே, ரேடியோ நிலையங்களைக் கட்டுப்படுத்தும் அமெரிக்க அரசு அமைப்பான எஃப்சிசி 2017இல் எடுத்துவிட்டது. ஆனால் கேட்பவர்களுக்கு இது தெரிந்திருக்க வேண்டும்.

2002 ஜனவரி 18, வடக்கு டகோட்டாவின் மைனாட். அதிகாலை ஒன்றரை மணிக்கு மேல் சரக்கு ரயில் தடம் புரண்டு, ஐந்து டேங்கர்கள் உடைந்து அமோனியா ஊருக்குள் பரவியது. ஒருவர் இறந்தார், முந்நூறு பேருக்கு மேல் பாதிக்கப்பட்டார்கள். என்ன செய்வதென்று தெரியாமல் மக்கள் ரேடியோவைப் போட்டால் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. ஊரில் இருந்த ஆறு வணிக நிலையங்களும் ஒரே கம்பெனியுடையவை. போன் செய்தும் யாரும் எடுக்கவில்லை என்றது போலீஸ். ஆள் இருந்தார், லைன்தான் கிடைக்கவில்லை, எச்சரிக்கைக் கருவியைப் போலீஸ்தான் இயக்கியிருக்க வேண்டும் என்றது கம்பெனி. யார் சொன்னது சரியோ, 'ஜன்னலை மூடிவிட்டு உள்ளேயே இருங்கள், ஈரத்துணியால் மூக்கை மூடுங்கள்' என்ற இரண்டு வரி அந்த நேரத்தில் போய்ச் சேரவில்லை. எனக்கு அது இன்றும் வலிக்கிறது.

ஒவ்வொரு நிலையத்திலும் இஏஎஸ் என்ற அவசர எச்சரிக்கைப் பெட்டி உண்டு. ஆள் இல்லாவிட்டாலும் அது எச்சரிக்கையை எடுத்து ஒலிபரப்பும். ஆனால் முதலில் யாராவது அனுப்ப வேண்டும். தேசிய எச்சரிக்கையை ஒலிபரப்பியே ஆகவேண்டும், உள்ளூர் எச்சரிக்கையோ நிலையத்தின் விருப்பம். சில ஊர்களில் அந்தப் பெட்டி தூசி படிந்து கிடப்பதைப் பார்த்திருக்கிறேன்.

அதனால் உங்கள் நிலையத்துக்குப் பகலில் போன் செய்து, இரவில் அவசரம் என்றால் யார் எடுப்பார் என்று கேளுங்கள். கேட்பவர்கள் கேட்டால்தான் நிர்வாகம் அசையும். அப்புறம், பேட்டரியில் ஓடும் வானிலை ரேடியோ ஒன்று வாங்குங்கள். அது 162 மெகாஹெர்ட்ஸில் வருவது, சாதாரண எஃப்எம் பெட்டியில் கிடைக்காது. உங்கள் கவுண்டியின் (நம்மூர் மாவட்டம் போன்றது) ஆறு இலக்க எண்ணை அதில் பதிந்துவிட்டால், எச்சரிக்கை வரும்போது தூங்கினாலும் தானே அலறி எழுப்பும். புயல் சைரனை நம்பிப் படுக்காதீர்கள், அது வெளியில் இருப்பவர்களுக்காக வைத்தது.

அந்த ராக் நிலையத்துக்காக இப்போது மூன்று செல்போன் எண்களை எழுதி, ஊர்ப் போலீஸ் கட்டுப்பாட்டு அறையில் ஒட்டியிருக்கிறோம். மூன்றாவது எண் என்னுடையது.