வாடகை தேடல் அல்ல, மேல்வார வேட்டை

பொருளாதாரக் கட்டுரைகளின் தமிழாக்கத்தில் 'வாடகை தேடல்' என்று ஒன்று விடாமல் வருகிறது. 'வாடகை தேடல் ஏற்றத்தாழ்வை வளர்க்கிறது' என்று படிப்பவர், வீடு பார்த்து அலைகிறவர்களால்தான் நாடு கெட்டது என்று நினைத்துக்கொள்வார். புதிதாக எதையும் உற்பத்தி செய்யாமல், அரசு தரும் சலுகையைப் பிடித்து ஆதாயம் பார்ப்பதைக் குறிக்கும் 'ரென்ட் சீக்கிங்' படும் பாடு இது.

ரென்ட் பழைய பிரெஞ்சு வழி வந்த சொல். லத்தீன் வேருக்குத் 'திருப்பிக் கொடுத்தல்' என்று பொருள். 1817இல் பொருளியலாளர் ரிக்கார்டோ அதை நிலத்தின் பங்காக விளக்கினார். ரென்ட் சீக்கிங் என்ற கருத்தைப் பொருளியலாளர் கோர்டன் டல்லக் 1967இல் சொல்ல, இன்னொரு பொருளியலாளர் ஆன் குரூகர் 1974இல் அதற்குப் பெயர் வைத்தார்.

குரூகர் எடுத்துக்கொண்ட உதாரணங்களில் ஒன்றே இந்தியாவின் இறக்குமதி லைசென்ஸ்தான். அது கையில் இருந்தால் வெளியே மலிவாக வாங்கி, இங்கே தட்டுப்பாட்டு விலைக்கு விற்கலாம். ஆலையின் கொள்ளளவைப் பார்த்து லைசென்ஸ் தந்ததால், இருக்கிற இயந்திரமே சும்மா கிடக்க, மேலும் இயந்திரம் வாங்கிப் போட்டார்கள். 1964இல் இந்த வகை ஆதாயங்கள் தேசிய வருமானத்தில் 7.3 சதவீதம் என்பது அவர் கணக்கு. ராஜாஜி 'லைசென்ஸ்-பர்மிட் ராஜ்' என்று சாடியதும் இதைத்தான். இதில் வாடகை எங்கே இருக்கிறது? தேடல் என்றாலோ இப்போது ஞானத் தேடல்தான் நினைவுக்கு வரும்.

வீட்டுக்கு வாடகை, வயலுக்குக் குத்தகை அல்லது வாரம் என்று பிரித்துச் சொல்வது நம் வழக்கம். ஆங்கிலத்துக்கு எல்லாமே ரென்ட். நம் பள்ளிப் பாடநூல் இதைச் சரியாகவே செய்திருக்கிறது: நிலத்துக்கு வாரம், உழைப்புக்குக் கூலி, மூலதனத்துக்கு வட்டி, ரிக்கார்டோவுடையது 'வாரக் கோட்பாடு'. மொழிபெயர்ப்பாளர்கள் அதைக்கூடப் புரட்டாமல் அகராதியில் முதலில் கிடைத்ததை ஒட்டிவிடுகிறார்கள்.

வாரம் என்றால் ஏழு நாள் கணக்கும் வந்து குழப்பும், சரி. அதனால்தான் மேல்வாரம் என்கிறேன். உழுதவனுக்குக் குடிவாரம், மேலே உட்கார்ந்து வாங்கியவருக்கு மேல்வாரம். 1948இல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வரும்வரை ஜமீன்தார்கள் வாங்கியது அது. பழஞ்சொல் என்று முகம் சுளிப்பவர்கள் 'சலுகை வேட்டை' என்றாவது எழுதட்டும்.

இதைவிட மோசம், 'ரென்டியர் ஸ்டேட்' என்பதற்கு எழுதும் 'வாடகை அரசு'. குடிமக்களின் வரியை நம்பாமல் எண்ணெய்ப் பணத்தில் நடக்கும் அரசைப் பற்றி, ஈரானை வைத்துப் பொருளியலாளர் ஹொசைன் மஹ்தவி 1970இல் எழுதியது. தமிழில் அது வாடகை சைக்கிள் மாதிரி மணிக்கணக்கில் எடுத்து ஓட்டும் அரசாகிவிட்டது. உழைக்காமல் சொத்திலிருந்து வரும் வருமானத்தில் வாழும் ரென்டியரை 'வாடகைதாரர்' என்று எழுதியவர்களும் உண்டு. நம் ஊரில் வாடகைதாரர் பணம் கொடுக்கிறவர் ஐயா, வாங்குகிறவர் இல்லை!