யூனிட்: ஊசிக்குழலில் அச்சிட்ட எண் எதைச் சொல்கிறது?

“டாக்டர் பத்து யூனிட் போடச் சொன்னார்.” சர்க்கரை நோயாளி இருக்கும் வீட்டில் இந்தப் பேச்சில் குழப்பம் கிடையாது. இன்சுலின் குப்பியிலும் யூனிட் கணக்கு, ஊசிக்குழலிலும் யூனிட் கணக்கு. இரண்டும் பொருந்தினால் போதும், பத்து என்றால் பத்துதான். உடல் எடையைக் குறைக்கப் போடும் செமாகுளூடைடு, டிர்செபடைடு ஊசிகளுக்கு இதையே சொன்னால் பாதி செய்தி விடுபட்டுப் போகிறது. அங்கே பத்து யூனிட் என்பது மருந்தின் அளவே இல்லை.

யூனிட் என்ற சொல்லுக்குப் பிறந்த ஆண்டே தெரியும். 1570இல் யூக்ளிடின் வடிவியல் நூல் ஆங்கிலத்தில் வந்தபோது அதற்கு முன்னுரை எழுதிய கணிதர் ஜான் டீ, ‘மோனஸ்’ என்ற கிரேக்கச் சொல்லுக்கு நிகராக இதைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். அதற்கு முன் அந்த இடத்தில் இருந்தது ‘யூனிட்டி’. லத்தீனில் ‘ஊனுஸ்’ என்றால் ஒன்று. எண்ணிக்கை எதிலிருந்து தொடங்குகிறதோ அந்த ஒன்று, அவ்வளவுதான் முதற்பொருள். எதில் ஒன்று என்பதை அந்தச் சொல் சொல்வதில்லை. மின்கட்டணச் சீட்டில் ஒரு யூனிட் என்றால் ஒரு கிலோவாட் மணி. ரத்த வங்கியில் ஒரு யூனிட் என்றால் ஒரு பை ரத்தம். இடம் மாறினால் பொருளும் மாறும்.

மருந்துக்குள் இந்தச் சொல் வலுவாகக் காலூன்றியது இன்சுலினோடுதான். 1921இல் கனடாவின் டொரான்டோவில் பான்டிங், பெஸ்ட் என்ற ஆய்வாளர்கள் கணையத்திலிருந்து எடுத்த இன்சுலின் சாறு சுத்தமான மருந்து அல்ல. ஒருமுறை வடித்தது வீரியமாக இருக்கும், அடுத்த முறை வடித்தது நீர்த்துக் கிடக்கும். இத்தனை மில்லிகிராம் என்று எடை போட்டுக் கொடுத்தால் ஒருவருக்குப் போதாது, இன்னொருவருக்கு உயிருக்கே ஆபத்து. அதனால் எடையை விட்டுவிட்டு வேலையை அளந்தார்கள். பட்டினி போட்ட இரண்டு கிலோ முயலின் ரத்தச் சர்க்கரையை, அதற்கு வலிப்பு வருகிற மட்டத்துக்கு இறக்க எவ்வளவு சாறு வேண்டுமோ அதை ஒரு யூனிட் என்றார்கள். மனிதருக்கு அந்த அளவு பெரிது என்று பிறகு அதைக் குறைத்தார்கள், உலகம் முழுவதற்கும் ஒரே அளவாக்கினார்கள். இன்றைக்கு ஒரு யூனிட் மனித இன்சுலின் என்பது 0.0347 மி.கி. ஆக, இன்சுலினில் யூனிட் என்றால் மருந்தின் ஆற்றல். அந்த ஆற்றலை எளிதாக அளந்து எடுக்கத்தான் இன்சுலின் ஊசிக்குழலில் யூனிட் எண்களை அச்சிட்டார்கள்.

செமாகுளூடைடும் டிர்செபடைடும் முயலை வைத்து அளக்க வேண்டிய மருந்துகள் அல்ல. தூய வேதிப்பொருள்கள். அவற்றின் அளவு மில்லிகிராம் மட்டுமே. ஆனால் குப்பியிலிருந்து சொட்டுச் சொட்டாக எடுக்க, கைக்கு அடக்கமாகக் கிடைப்பது இன்சுலின் ஊசிக்குழல்தான். மருந்து மாறிவிட்டது, குழலில் அச்சிட்ட எண்கள் மாறவில்லை. இங்கே அந்த எண்கள் வெறும் கன அளவைக் காட்டுகின்றன. நூறு யூனிட் குழலில் 100 என்றால் 1 மி.லி., 10 என்றால் 0.1 மி.லி. அதற்குள் எவ்வளவு மருந்து கரைந்திருக்கிறது என்பதைக் குப்பியின் ஒட்டுச்சீட்டுதான் சொல்லும், குழல் சொல்லாது.

இதன் விளைவை அமெரிக்காவில் பார்த்தார்கள். அங்கே மருந்தைத் தாங்களே கலந்து தயாரிக்கும் கலவை மருந்தகங்கள் செமாகுளூடைடைக் குப்பிகளில் அடைத்துக் கொடுத்தன, ஒவ்வொரு மருந்தகமும் ஒவ்வொரு செறிவில். 2024 ஜூலையில் அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் எச்சரிக்கை விட்டது: சிலர் போட வேண்டியதைப் போல 5 மடங்கு முதல் 20 மடங்கு வரை போட்டுக்கொண்டிருக்கிறார்கள். நோயாளிகளை மட்டும் குறை சொல்ல முடியாது. 0.25 மி.கி., அதாவது அந்தக் குப்பிக்கு 5 யூனிட் கொடுக்க நினைத்த மருத்துவர் 25 யூனிட் என்று எழுதியிருந்தார். 0.25 என்ற எண்ணிலிருந்த 25தான் அங்கே போய் உட்கார்ந்துவிட்டது என்று எனக்குத் தோன்றுகிறது. செமாகுளூடைடு பாதியாகக் குறையவே உடம்பில் ஒரு வாரம் ஆகும். கூடுதலாகப் போட்டுவிட்டால் வாந்தியும் மயக்கமும் ஒரு வேளையோடு ஓய்வதில்லை. அப்படி நேர்ந்தால் வீட்டில் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும்.

நம் நாட்டு நிலையும் இதே போலத்தான், ஒரு சிக்கல் கூடுதல். 2025 மார்ச்சில் மௌஞ்சாரோ என்ற பெயரில் டிர்செபடைடு இந்தியாவுக்கு முதலில் குப்பியாகத்தான் வந்தது. 2.5 மி.கி. குப்பி ஒன்று, 5 மி.கி. குப்பி ஒன்று. இரண்டிலும் திரவம் அதே 0.5 மி.லி. நூறு யூனிட் குழலில் எடுத்தால் இரண்டுக்குமே 50 வரை ஏறும். ஒன்றில் இருக்கும் மருந்து மற்றதில் இருப்பதைப் போல இரு மடங்கு, ஆனால் இரண்டையும் ‘ஐம்பது யூனிட்’ என்றே சொல்லலாம். இந்தச் சொல் இங்கே எவ்வளவு வெறுமையானது என்பதற்கு இதைவிட வேறு சாட்சி வேண்டாம்.

கூடுதல் சிக்கல் என்றது மூடியின் நிறத்தை. நம் மருந்துக் கடைகளில் இரண்டு வகை இன்சுலின் ஊசிக்குழல் கிடைக்கிறது. சிவப்பு மூடி போட்டது 1 மி.லி.க்கு 40 யூனிட், ஆரஞ்சு மூடி போட்டது 1 மி.லி.க்கு 100 யூனிட். பல நாடுகள் நாற்பதை எப்போதோ கைவிட்டுவிட்டன, இங்கே இன்னும் இருக்கிறது. 1 மி.லி.யில் 5 மி.கி. உள்ள குப்பியிலிருந்து 0.25 மி.கி. எடுக்க, ஆரஞ்சு மூடிக் குழலில் 5 வரை இழுக்க வேண்டும். சிவப்பு மூடிக் குழலில் அதே 5 வரை இழுத்தால் உள்ளே வருவது 0.625 மி.கி., இரண்டரை மடங்கு. சிவப்பில் 2 வரை இழுத்தால்தான் சரி.

கோடுகளை எண்ணுவதும் ஆபத்து. நூறு யூனிட் குழல்களில் 1 மி.லி. கொள்வதில் பெரும்பாலும் ஒரு சிறு கோட்டுக்கு 2 யூனிட், அரை மி.லி. கொள்வதில் ஒரு கோட்டுக்கு 1. ‘அஞ்சு கோடு’ என்று வாய்மொழியாகச் சொல்லிக் கொடுத்தால் குழல் மாறும் அன்று அளவும் மாறிவிடும். எண்ணைப் படிக்க வேண்டும். அதையும் குழலுக்குள் நகரும் ரப்பரின் ஊசிப்பக்க விளிம்பு எங்கே நிற்கிறதோ அங்கே படிக்க வேண்டும். உள்ளே காற்றுக்குமிழி இருந்தால் திரவம் அந்த அளவுக்குக் குறைவு.

தமிழில் யூனிட்டுக்கு நிகர் அலகு. பாடநூல்களில் நன்றாக ஊன்றிவிட்ட சொல் இது. இலங்கையில் மின்சாரத்தையே அலகில்தான் எண்ணுகிறார்கள். பறவையின் மூக்கு, தாடை, ஆயுதத்தின் கூர்முனை என்று அலகுக்குப் பல பொருள் உண்டு. முருகன் கோயிலில் அலகு குத்துவது அந்தக் கூர்முனைப் பொருளில். அளவுப் பொருளும் பழையதே. செய்யுளின் அசைகளை எண்ணிப் பார்ப்பதை அலகிடுதல் என்கிறது யாப்பு. கம்பர் கடவுளை ‘அலகிலா விளையாட்டுடையார்’ என்கிறபோது அளவற்ற என்றே பொருள். எண்ணுதல், அளத்தல் இரண்டையும் ஏற்கெனவே தாங்கிய சொல் என்பதால் இதைவிடப் பொருத்தமான நிகர் வேறில்லை.

ஆனால் இந்த இடத்தில் மொழிபெயர்த்தால் மட்டும் சிக்கல் தீராது. ‘பத்து அலகு’ என்றாலும் பழைய குழப்பம் அப்படியே தமிழில் உட்கார்ந்துகொள்ளும். இன்சுலினுக்கு மட்டும் அலகு என்போம். எடைக்குறைப்பு மருந்தின் அளவை மி.கி.யில் சொல்வோம், திரவத்தை மி.லி.யில் சொல்வோம், குழலில் அச்சிட்ட எண்ணைக் ‘குறி’ என்போம். ஐம்பதாம் குறி என்றால் அது குழலில் உள்ள இடம் என்பது கேட்கும்போதே தெரியும், மருந்தின் அளவு என்று யாரும் நினைக்க மாட்டார்கள்.

டோஸ் என்பதன் கிரேக்க வேர்ச்சொல்லுக்குக் கொடுத்தல் என்று பொருள். தமிழில் மருந்தளவு போதும். மாத்திரை என்ற சொல்லே முதலில் அளவைத்தான் குறித்தது, பின்னால் வில்லையோடு ஒட்டிக்கொண்டதால் திரும்ப அழைக்க முடியாது. ‘வயல்’ (vial) என்ற ஆங்கிலச் சொல்லுக்குக் குப்பி இருக்கவே இருக்கிறது.

யூனிட்டைச் சுருக்கி எழுதும் ‘U’ என்ற ஆங்கில எழுத்தும் ஒரு கண்ணி. பத்துக்குப் பக்கத்தில் அதை அவசரமாகக் கிறுக்கினால் சுழியமாகத் தெரிந்து நூறாகிவிடும். அமெரிக்க மருத்துவமனைகளுக்குத் தரச்சான்று தரும் கூட்டு ஆணையம் 2004இலேயே அந்தச் சுருக்கத்தைத் தடைசெய்த பட்டியலில் வைத்தது. சீட்டில் அப்படி ஏதாவது இருந்தால் மருத்துவரிடமே திருப்பிக் கொடுத்து, இப்படி எழுதித் தரச் சொல்லலாம்: “டிர்செபடைடு 2.5 மி.கி., குப்பியில் உள்ள 0.5 மி.லி. முழுவதும், ஆரஞ்சு மூடிக் குழலில் 50ஆம் குறி வரை, வாரம் ஒருமுறை, தோலுக்கு அடியில்.”