எல்லோருடைய ஃபிரீசருக்கு யார் பொறுப்பு?

போன கிழமை எங்கள் ஆய்வுகூடத்தின் −80 பாகை ஃபிரீசரைத் துப்புரவாக்கினோம். இரட்டைக் கையுறை போட்டும் விரல் விறைத்துப்போனது. கதவு ரப்பரைச் சுற்றி ஒரு அங்குலத்துக்குப் பனி. மூன்றாம் தட்டின் பின்பக்கத்தில் ஒரு அட்டைப்பெட்டி கிடந்தது. மூடியில் மார்க்கரால் ‘எஸ்.கே. டெங்கு’ என்று எழுதி, கீழே போட்டிருந்த ஆண்டு அழிந்திருந்தது. உள்ளே 81 குழாய்கள். எஸ்.கே. யாரென்று எங்களில் ஒருவருக்கும் தெரியாது. 2017இல் பக்கத்து ஊரான கிண்ணியாவை டெங்கு உலுக்கிய நாட்களில் எடுத்த இரத்தமாக இருந்தால் அது தங்கம். ஆனால் பெயரில்லை, திகதியில்லை, நோயாளியின் சம்மதப் பத்திரமும் இல்லை. எனவே இப்போதைக்குக் குப்பை.

திருகோணமலை போன்ற ஊரில் ஒவ்வொரு துறையும் தனக்கென்று ஒரு பிசிஆர் மெஷின், ஒரு ஃபிரீசர் வாங்க முடியாது. பொதுவில் வைத்துப் பகிர்வதுதான் ஒரே வழி. அதில் பிழையில்லை. ஆனால் பலர் கூடினால் பாம்பு சாகாது என்பார்களே, அதை நான் இந்த வேலையில்தான் கண்ணால் கண்டேன். அதிகம் பாவித்துப் பழுதான கருவிகளைவிட, ‘மற்றவர் பார்ப்பார்’ என்று விட்டுப் பழுதானவைதான் எங்களிடம் அதிகம்.

இது எங்கள் ஊர் நோய் மட்டுமல்ல. 2020 செப்டெம்பரில் அமெரிக்காவில், நியூயோர்க் மாநிலத்திலுள்ள தனியார் பல்கலைக்கழகம் ஒன்றில் −80 ஃபிரீசரின் வெப்பநிலை கொஞ்சம் ஏறி, அலாரம் அடிக்கத் தொடங்கியது. திருத்துபவர் வரச் சில நாள் ஆகும் என்பதால் ஆய்வாளர்கள் கதவில் அறிவித்தல் ஒட்டிவிட்டுக் காத்திருந்தார்கள். துப்புரவுப் பணியாளர் ஒருவர் அந்தச் சத்தத்தை நிறுத்தி உதவுவதாக நினைத்து மின் சுவிட்சையே இறக்கிவிட்டார். மறுநாள் பார்த்தபோது உள்ளே −32. இருபது வருடத்துக்கு மேற்பட்ட ஆய்வு போனது, விஷயம் நீதிமன்றம் வரை சென்றது. அந்தப் பணியாளரைத் திட்ட எனக்கு மனமில்லை. கதவில் ஒட்டிய தாள் ஒரு ஆளாகாது. அந்தச் சில நாட்களுக்கு ‘சத்தம் கேட்டால் எனக்கு அடியுங்கள்’ என்று ஒருவருடைய பெயரும் போன் நம்பரும் சுவிட்சுக்குப் பக்கத்தில் இருந்திருக்க வேண்டும்.

எங்களுக்கும் ஒரு சோதனை வந்தது. 2022 மார்ச் கடைசியில் நாடு முழுக்க 13 மணி நேர மின்வெட்டு. ஜெனரேட்டர் இருந்தது, டீசல் இல்லை. ஒரு தம்பி ஓடிவந்து, “துறைமுகப் பக்கம் ஐஸ் ஃபெக்டரியில கதைச்சு ஐஸ் கட்டி கொண்டுவரட்டா?” என்று கேட்டான். நல்ல மனசு. ஆனால் −60க்கு ஏறிவிட்ட பெட்டிக்குக்கூட 0 பாகை ஐஸ் அடுப்பு மாதிரி. அன்று எங்களைக் காப்பாற்றியது இரண்டு விஷயம்: கதவைத் திறக்கவே விடாதது, உள்ளே இடைவெளி இல்லாமல் நிரம்பியிருந்தது. அதற்குப் பிறகு காலி இடங்களில் தண்ணீர்ப் போத்தல்களை உறையவைத்து அடுக்குகிறோம். குளிரைப் பிடித்து வைத்திருக்க அது போதும்.

கச்சான் காற்றுக் காலத்தில் இன்னொரு தலையிடி. இந்த ஃபிரீசர்களில் அநேகமானவை அறை வெப்பம் 32 பாகையைத் தாண்டினாலே திணறும். இங்கே மே தொடங்கி ஓகஸ்ட் வரை வெளியில் 35, 36. பின்பக்க ஃபில்டரில் தூசி, உலோகத்தில் உப்புக்காற்றின் கறள். மாதம் ஒருமுறை ஃபில்டரைக் கழற்றித் தட்டினால் கம்ப்ரஸருக்கு ஆயுள் கூடும். ஐந்து நிமிட வேலை, யாருடைய வேலை என்று எழுதி வைத்தால் மட்டும் நடக்கும். மின்கட்டணமும் சின்னதில்லை. பழைய ரக ஃபிரீசர் ஒன்று நாளுக்கு 15 முதல் 20 யூனிற் வரை இழுக்கும். −80ஐ −70க்கு மாற்றினால் ஏறத்தாழ கால்வாசி மிச்சம், உள்ளே வைக்கிற அநேகமான மாதிரிகளுக்கு அது போதும். ஆனால் இதற்கு ஒப்புதல் வாங்குவது ஃபிரீசர் வாங்குவதைவிடக் கடினம்!

கருவிகளின் முன்பதிவுக்குக் கணினி மென்பொருள் வாங்கலாமே என்பார்கள். வாங்கலாம். நாங்கள் மேசையில் சணல் கயிற்றால் கட்டிய கொப்பியோடு சமாளிக்கிறோம். அரை மணி நேரம் பிந்தினால் இடம் அடுத்தவருக்கு. இரண்டு மணி நேர ஓட்டத்துக்கு முழுநாளையும் பிடித்து வைக்கிற வழக்கம் அதோடு நின்றது.

கொப்பியில் கஷ்டமான பகுதி பழுதுக்கான நிரல். நாங்கள் அதைத் திறந்த முதல் ஆறு மாதமும் அது வெறுமையாக இருந்தது. அப்புறம் ஒருநாள், குழாய்களை இரு பக்கமும் சமன்செய்து வேகமாகச் சுழற்றுகிற சென்ட்ரிஃபியூஜ் தடதடவென்று அதிரத் தொடங்கியது. யாரைக் கேட்டாலும் “நான் தொடேல்ல”. மூன்று நாள் கழித்து ஒரு பிள்ளை தயங்கித் தயங்கி வந்து, “மிஸ், நான்தான் எதிர்ப்பக்கம் குழாய் வைக்க மறந்துட்டன். ஏசுவீங்கள் எண்டு பயத்தில சொல்லேல்ல” என்றாள். அந்த மூன்று நாளும் மற்றவர்கள் அதையே ஓட்டியிருக்கிறார்கள்! அன்றிலிருந்து பழுதை எழுதியவருக்கு ஏச்சு இல்லை, எழுதாமல் போனவருக்குத்தான். இப்போது அந்த நிரல் நிரம்பி வழிகிறது. கருவிகள் முன்னைவிடக் கெட்டுப்போனதால் அல்ல, பிள்ளைகள் உண்மை எழுதுகிறார்கள்.

பணத்தைப் பற்றி ஒன்று. கருவி வாங்கக் காசு கிடைக்கும், பராமரிக்கக் கிடைக்காது. வருடாந்தப் பராமரிப்பு ஒப்பந்தம் பொதுவாக வாங்கிய விலையில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு வரும். அதை முதல் நாளே வரவுசெலவில் எழுதாதவர் கருவியே கேட்கக்கூடாது என்பது என் கருத்து. பொறியியலாளர் கொழும்பிலிருந்து 260 கிலோமீற்றர் வரவேண்டும். ஒரு கருவிக்காக அழைப்பதை விட்டு, பக்கத்து ஆய்வுகூடங்களையும் கேட்டு ஒரே பயணத்தில் நாலைந்தைப் பார்க்கச் செய்கிறோம். பயணச் செலவு பங்காகிறது.

ஃபிரீசர் கதவில் இப்போது ஒரு பெயர் இருக்கிறது, என்னுடையது. எஸ்.கே. பெட்டிக்கு மூன்று மாதத் தவணை கொடுத்து, பழைய மாணவர்களுக்கெல்லாம் செய்தி அனுப்பியிருக்கிறேன். இதுவரை இரண்டு பேர் பதில் போட்டிருக்கிறார்கள். இரண்டு பேருமே தங்களுடையது இல்லை என்கிறார்கள்.