‘பாப்’ என்றால் துள்ளல் அல்ல

“எழுபதுகளின் முன்னாள் துள்ளிசைப் பாடகி கேரன் கார்ப்பென்டர்.” நாகர்கோவிலில் பழைய இங்கிலீஷ் பாட்டுகளுக்கென்று நடந்த ஒரு நிகழ்ச்சியின் அழைப்பிதழில் இப்படித்தான் அச்சாகியிருந்தது. மேடையில் தொகுத்துப் பேசியவரும் அதையே வாசித்தார். அதன் பிறகு வந்தவர்களெல்லாம் அதே வரிசைதான்: போனி எம் துள்ளிசைக் குழு, அபா துள்ளிசைக் குழு, துள்ளிசை அரசி உஷா உதுப். பண்பலையில் கேட்கிறேன், சினிமாப் பக்கங்களில் படிக்கிறேன், இப்போது தேவாலயத் திருவிழா நோட்டீசுக்கும் வந்துவிட்டது. பாப் இசைக்குத் தமிழ் துள்ளிசை என்று எல்லாரும் முடிவுகட்டிவிட்டார்கள் போலிருக்கிறது. அது தவறான தமிழ்.

சொல்லின் பிறப்பில் சிக்கல் ஒன்றும் இல்லை. ‘பாப்புலர்’ என்ற ஆங்கிலச் சொல்லின் தலையை மட்டும் நறுக்கி எடுத்ததுதான் ‘பாப்’. அதற்கு மூலம் லத்தீனில் மக்களைக் குறிக்கும் ‘பாப்புலுஸ்’. ஒலிக்குறிப்பாகப் பிறந்த வேறொரு ‘பாப்’பும் ஆங்கிலத்தில் உண்டு. பட்டென்று வெடிப்பது, சட்டென்று எழும்புவது எல்லாம் அதில் அடங்கும். பாப்கார்னில் இருப்பது அந்தப் ‘பாப்’. துள்ளிசை என்று பெயர் வைத்தவர் மனதில் இந்த இரண்டும் ஒன்றாகிவிட்டன என்றே எனக்குத் தோன்றுகிறது.

லண்டன் செயின்ட் ஜேம்ஸ் ஹாலில் 1850களின் இறுதியில் தொடங்கி அந்த நூற்றாண்டின் கடைசி ஆண்டுகள் வரை ‘மண்டே பாப்புலர் கான்செர்ட்ஸ்’ என்ற கச்சேரிகள் நடந்தன. மக்கள் அதைச் சுருக்கி ‘மண்டே பாப்ஸ்’ என்றார்கள். அங்கே வாசித்தது பீத்தோவன் போன்றவர்களின் செவ்வியல் இசை. வயலினில் யோவாகிம், பியானோவில் கிளாரா ஷூமன் என்று பெரிய மேதைகள் வந்து வாசித்த மேடை அது. சாமானியரும் கொடுக்கக்கூடிய கட்டணம், அதனால் வந்த கூட்டம், அதனால் ஒட்டிய பெயர் ‘பாப்’. யாரும் அங்கே துள்ளவில்லை. யாரைச் சென்று சேர்கிறது என்பதைத்தான் அந்தச் சொல் அன்றைக்கும் சொன்னது, இன்றைக்கும் சொல்கிறது.

சரி, சொல் எங்கிருந்து வந்தால் என்ன, இன்றைய பொருளுக்குப் பொருந்தினால் போதாதா என்று கேட்பார்கள். பொருந்தவில்லையே! கேரன் கார்ப்பென்டரையே எடுத்துக்கொள்வோம். அமெரிக்காவின் ‘கார்ப்பென்டர்ஸ்’ இரட்டையரில் ஒருவர். அண்ணன் ரிச்சர்டு பியானோ, தங்கை கேரன் பாட்டும் டிரம்ஸும். பெண் குரலில் மிகவும் தாழ்ந்த பகுதியில் பாடியவர் அவர். மெதுவாக, ஒவ்வொரு சொல்லையும் பக்கத்தில் உட்கார்ந்து சொல்வதுபோலப் பாடுவார். அவர்களுடைய பெயர்பெற்ற பாட்டுகளில் பலவும் ஏக்கப் பாட்டுகள். 1983இல், 32 வயதில் அவர் இறந்தபோது உலகமே அழுததற்குக் காரணம் அந்தக் குரலில் இருந்த துயரம். அவரைத் துள்ளிசைப் பாடகி என்று சொல்கிறவர் ஒரு பாட்டையாவது முழுக்கக் கேட்டிருக்க வேண்டும்.

போனி எம் துள்ளியதுதானே என்பார்கள். துள்ளியது, உண்மை. ஜெர்மனியில் ஃபிராங்க் ஃபாரியன் என்ற தயாரிப்பாளர், கரீபியத் தீவுகளிலிருந்து வந்த நால்வரை முன்னிறுத்தி உண்டாக்கிய குழு அது. அடி பலமான டிஸ்கோ தாளம். எண்பதுகளில் வடசேரிப் பக்கம் ரெக்கார்டிங் கடைகளில் எம்ப்டி கேசட்டும் பட்டியலும் கொடுத்துவிட்டு வந்தால், ஏ சைடில் இளையராஜா, பி சைடில் ‘போனியெம்’ என்று அட்டையில் பால்பாயின்ட் பேனாவால் எழுதித் தருவார்கள். ஆனால் 1978இல் அவர்கள் பாடி உலகமெங்கும் பரவிய ‘ரிவர்ஸ் ஆஃப் பாபிலோன்’ என்ன? நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் கிறிஸ்தவ வீடுகளில் பிள்ளைகளுக்கும் தெரியும், 137ஆம் சங்கீதம். சிறைப்பட்டுப் போனவர்கள் பாபிலோன் ஆற்றங்கரையில் உட்கார்ந்து சீயோனை நினைத்து அழுவது. அதை முதலில் 1970இல் பாடியவர்கள் ஜமைக்காவின் மெலோடியன்ஸ் குழுவினர். அவர்கள் பாடும்போது அது ஜமைக்காவின் சொந்த இசைவகையான, நிதானமான ரெக்கே. போனி எம் பாடும்போது ஆட்டத்துக்கான பாட்டு. தாளம் மாறியதால் துள்ளல் வந்தது. துள்ளல் ஒரு பாட்டின் நடை. பாப் ஒரு பாட்டின் புழக்கம். இரண்டுக்கும் ஒரே பெயர் எப்படிச் சரியாகும்?

அப்புறம், துள்ளல் என்ற சொல் சும்மா கிடக்கும் சொல்லும் அல்ல. அதற்கு ஏற்கெனவே வேலை இருக்கிறது. வெண்பாவுக்குச் செப்பல், ஆசிரியப்பாவுக்கு அகவல், கலிப்பாவுக்குத் துள்ளல், வஞ்சிப்பாவுக்குத் தூங்கல் என்று நான்கு ஓசைகளை யாப்பிலக்கணம் வகுத்து வைத்திருக்கிறது. இன்ன ஓசை என்று காதால் கண்டுபிடிக்கிற அளவுக்குத் துல்லியமான கலைச்சொல் அது. அதைக் கொண்டுபோய் அமெரிக்கச் சோகப் பாட்டின் தலையில் கட்டுவது தமிழுக்குச் செய்யும் தொண்டாகுமா? தனித்தமிழ் என்ற பெயரில் இதைச் செய்கிறவர்கள் முதலில் யாப்பருங்கலக் காரிகையைத் திறக்கட்டும்.

நம் ஊரில் இன்னொரு குழப்பமும் சேர்கிறது. 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரோடும், பிறகு திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்த மண் இது. கல்குளம், விளவங்கோடு பகுதிகளில் துள்ளல் என்றால் முதலில் நினைவுக்கு வருவது 18ஆம் நூற்றாண்டில் குஞ்சன் நம்பியார் உண்டாக்கிய ஓட்டன் துள்ளல். முகத்தில் பச்சை பூசி, காலில் சதங்கை கட்டி, ஒருவரே பாடி ஆடிக் கிண்டலும் கேலியுமாகக் கதை சொல்லும் கலை. மார்த்தாண்டத்தில் ஒரு பெரியவரிடம் இன்று துள்ளிசை நிகழ்ச்சி என்று சொல்லிப் பாருங்கள். அவர் எதிர்பார்த்து வருவது ஒன்றாக இருக்கும், கேட்பது வேறாக இருக்கும்.

துள்ளிசை என்ற சொல்லுக்குப் பொருத்தமான இடம் ஒன்று இருக்கிறது. அது இலங்கையின் பைலா. போர்த்துகீசிய மொழியில் ஆட்டத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து வந்தது அந்தப் பெயர். ஆறு எட்டுத் தாளத்தில் உடம்பைச் சும்மா இருக்கவிடாத பாட்டு. குளச்சல், முட்டம், கடியப்பட்டணம் என்று நம் கடலோர வீடுகளில் இலங்கை வானொலி கேட்டு வளர்ந்தவர்களுக்கு அதைச் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. ஏ. ஈ. மனோகரனின் ‘சுராங்கனி’ ஒலித்தால் கட்டுமரத்தில் வலை பிரித்துக்கொண்டிருப்பவரின் காலும் ஆடும். நித்தி கனகரத்தினத்தின் ‘சின்ன மாமியே’வும் அப்படித்தான். அதைத் துள்ளிசை என்று இலங்கைத் தமிழர் சொன்னால் அதில் நியாயம் உண்டு. ஆனால் அங்கேயும் மனோகரனுக்குக் கிடைத்த பட்டம் ‘பொப் இசைச் சக்கரவர்த்தி’. பைலாவுக்குப் பொருந்திய சட்டையை அபாவுக்கும் கார்ப்பென்டருக்கும் மாட்டியது நம்மவர்கள் செய்த வேலை.

மற்ற ஆக்கங்களும் எனக்கு நிறைவு தரவில்லை. பரப்பிசை என்று எழுதுகிறார்கள். பொருளை ஓரளவு தொடுகிறது. ஆனால் பரப்புரை என்ற சொல் தேர்தலுக்குத் தேர்தல் காதில் விழுகிற நாட்டில், பரப்பிசை என்றால் ஜீப்பில் மைக் கட்டிப் போடும் கட்சிப் பாட்டு என்றுதான் படும். பரப்புவது ஒருவர் செய்யும் வேலை. பாப் தானாகப் பரவியது. மக்களிசை என்பதைத் தொடவே கூடாது. சுடலைமாடன் கோயில் கொடையில் வில்லும் குடமும் உடுக்கையுமாக விடிய விடியப் பாடுகிறார்களே, அந்த வில்லுப்பாட்டுக்குரிய பெயர் அது. மெல்லிசை நல்ல சொல், உயிரோடு புழங்கும் சொல். விஸ்வநாதனையும் ராமமூர்த்தியையும் மெல்லிசை மன்னர்கள் என்று தமிழுலகம் கொண்டாடிய நாளிலிருந்தே அது நம் சொந்தப் பாட்டுக்கு உரியதாகிவிட்டது. குழித்துறைப் பக்கம் கானமேளா என்று சொன்னாலும் குறிப்பது அதைத்தான். அதைப் பிடுங்கி வெளியார் பாட்டுக்குக் கொடுத்தால் நம் பாட்டுக்குப் பெயரில்லாமல் போகும்.

என் முடிவு இது. தமிழ்ச்சொல்தான் வேண்டுமென்றால் வெகுமக்கள் இசை. ‘வெகு’ தூய தமிழா என்று சிலர் சண்டைக்கு வருவார்கள். வரட்டும். வெகுமக்கள் இதழ், வெகுமக்கள் ஊடகம் என்று ஏற்கெனவே எழுதுகிறோம், படிக்கிறவருக்கு உடனே புரிகிறது, மூலச்சொல்லின் வேரும் அதே மக்கள்தான். அன்றாடப் பேச்சுக்கும் செய்திக்கும் பாப் என்றே எழுதினால் ஒரு குற்றமும் இல்லை. புரியாத தூய்மையைவிடப் புரியும் கடன்சொல் மேல். ராப் இசைக்குச் சொல்லிசை என்று அழகாகப் பெயர் வந்ததற்குக் காரணம், அந்த இசை எதனால் ஆனது என்று பார்த்து வைத்தார்கள். பாப்புக்கு அந்தக் கவனம் கிடைக்கவில்லை.

மொழிபெயர்ப்பவர்களின் கவனக்குறைவு இந்த ஒரு சொல்லோடு நிற்பதில்லை. அந்த அழைப்பிதழின் ‘முன்னாள்’ இன்னும் மோசம். முன்னாள் அமைச்சர் உண்டு, முன்னாள் தலைமையாசிரியர் உண்டு. பதவி போனவருக்குத்தான் முன்னாள். பாடகி என்பது பதவியா? இறந்தவரை மறைந்த பாடகி என்போம். காலத்தைச் சொல்ல வேண்டுமென்றால் எழுபதுகளின் பாடகி என்றாலே போதும். 1969இல் சென்னை மவுண்ட் ரோடு இரவு விடுதியில் சேலை கட்டிப் பாடத் தொடங்கி, 2024இல் பத்மபூஷண் பெற்று, இன்னும் மேடையேறிக்கொண்டிருக்கும் உஷா உதுப்பையும் இதே கணக்கில் ‘முன்னாள்’ என்று சொல்ல மனம் வருமா? ‘பிரபல பாப் பாடகர்’ என்பதும் இதே வகைதான். பாப்புலர் என்பதை இரண்டு மொழியில் இரண்டு தடவை சொல்வது.

எழுத்தில் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பாப் என்பதை அடுத்த சொல்லோடு ஒட்டவே கூடாது. பாப்பாடகர், பாப்பிசை என்று சேர்த்து அடித்தால் குழந்தைப் பாட்டுப் பாடுகிறவர் என்றோ வேறு ஏதோ என்றோ படிக்க நேரும். உச்சரிப்பைப் பார்த்தால் இலங்கைத் தமிழர் எழுதும் பொப் மூலத்துக்கு நெருக்கம். ஆனால் நம் பக்கம் பாப் ஊன்றிவிட்டது. அது இருக்கட்டும், இடம் விட்டு எழுதுவோம்.