கோட்டுக்கும் குணம் உண்டு

படக்கதையாகவே சொல்லப்படும் கிராஃபிக் நாவலுக்குப் படம் கேட்டு வரும் எழுத்தாளர்கள் முதலில் கையில் தருவது அங்க அடையாளங்களைத்தான். சுருட்டை முடி, கூர் மூக்கு, கன்னத்தில் தழும்பு. சரி, அதெல்லாம் வேண்டியதுதான். ஆனால் இந்த ஆளை எந்தக் கோட்டில் வரைவது என்று யோசித்து வருகிறவர் அபூர்வம். எனக்குக் குணம் பிடிபடுவதே அங்கேதான்.

ஒரே முகத்தை இரண்டு தடவை வரைந்து பாருங்கள். முதலில், ஒரே தடிமன் உள்ள பேனாவால், எந்தக் கோடும் விட்டுப்போகாமல். அப்புறம் தூரிகையால், அழுத்தம் கூடியும் குறைந்தும், அங்கங்கே கோடு அறுந்துபோகும்படி. கண், மூக்கு, வாய் எல்லாம் அதே அளவுதான். ஆனாலும் முதல் முகம் முடிவெடுத்துவிட்ட ஆள். இரண்டாவது, சொல்ல வந்ததை மென்று விழுங்குகிற ஆள்.

இதை ஒரு நாவல் முழுக்கச் செய்து காட்டியவர் அமெரிக்கப் படக்கதை ஓவியர் டேவிட் மஸ்ஸுக்கெல்லி. 2009இல் வந்த ‘ஆஸ்டீரியோஸ் பாலிப்’ கதையின் நாயகன் கட்டடக்கலைப் பேராசிரியர். எல்லாவற்றையும் கணக்காகப் பிரித்துப் பார்க்கிறவர். மனைவி ஹானா சிற்பி. இருவருக்கும் சண்டை மூளும்போது அவர் உடல் நீலக் கோட்டில் வெறும் உருளைகளும் கூம்புகளுமாக மாறிவிடும். அவளோ சிவப்புச் சாயலில் நெருக்கமான நிழல்கோடுகளாக நிற்பாள். ஒரே அறையில் இரண்டு உலகங்கள்! பேச்சுக்குமிழின் வடிவமும் எழுத்தும்கூட ஆளுக்கு ஆள் வேறு. வசனத்தை மட்டும் படித்துக்கொண்டு ஓடினால் அந்தச் சண்டையில் பாதி கைநழுவிப்போகும்.

நுணுக்கமாக வரைந்தால்தான் நல்ல படம் என்ற எண்ணத்தால் நானும் ஒருமுறை தவறினேன். கூச்ச சுபாவமுள்ள ஒரு சிறுவன். அவன் முகம் முழுக்கக் குறுக்கும் நெடுக்குமாக நிழல்கோடு போட்டு இழைத்திருந்தேன். படித்துப் பார்த்தவர்கள், “ஏன் இவ்வளவு கோபமாக இருக்கிறான்?” என்று கேட்டார்கள். கண்ணையும் புருவத்தையும் தொடவே இல்லை. நிழலை மட்டும் எடுத்துவிட்டு, மெல்லிய கோட்டில், கட்டத்தின் ஓரத்தில் கொஞ்சம் சின்னதாக வரைந்தேன். பையன் கிடைத்துவிட்டான்.

அடுத்த முறை கதாபாத்திரக் குறிப்பு எழுதும்போது, முடிக்கும் மூக்கிற்கும் பக்கத்தில் ஒரு வரி சேர்த்துக் கொடுங்கள்: இவள் மை சொட்டும் தூரிகையா, காய்ந்த தூரிகையா?